மார்த்தா வீட்டுத் துப்பாக்கி

அன்புள்ள சிவா,

நீ அனுப்பிய படத்தை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ எதைக் காட்ட அனுப்பினாயோ அதை முதல் நாள் நான் பார்க்கவே இல்லை. உன் கையில் இருந்த துப்பாக்கி, அதன் பக்கவாட்டில் பொன்முலாம் பூசிய தகடு, தகட்டில் பொறித்திருந்த ரயில், எதுவும் கண்ணில் படவில்லை. உன் இடது தோளில் ஒரு கை இருந்தது. நகத்தை ஒட்ட வெட்டிய, நீல நரம்பு தெரிகிற, வயதான வெள்ளைக்கார அம்மாளின் கை. படத்தை விரலால் பெரிதாக்கினேன். துப்பாக்கி ஓரத்துக்குப் போய் மறைகிற வரைக்கும் பெரிதாக்கி, அந்தக் கையைப் பார்த்தேன்.

கீழே எழுதியிருந்தாய்: "அம்மா, இது மார்த்தா வீட்டுக்காரரோடது. ஒரு ரயில்பாதைக்கு நூறு வருஷம் ஆனப்ப நினைவா போட்ட லீவர் ரைஃபிள். கௌபாய் படத்துல வருமே, கீழ இருக்கிற பிடிய இழுத்துத் தள்ளினா அடுத்த தோட்டா ஏறும், அந்த மாதிரி. எல்லாத்தையும் விக்கப் போறாங்க. வியாபாரி வர்றதுக்கு முன்னாடி ஒண்ண எடுத்துக்கோன்னு சொல்றாங்க. பின்னாடி விலை ஏறும்னும் சொல்றாங்க. வாங்கலாமா?"

பத்து நிமிடத்தில் பதில் பேசி அனுப்பிவிட்டேன். "வேண்டாம்பா. நான் விசாரிச்சுட்டேன். நினைவுத் துப்பாக்கிக்கெல்லாம் விலை ஏறாது. வேற வேலையப் பாரு" என்றேன். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. ரங்கூனில் இதை யாரிடம் போய் விசாரிப்பது? இங்கே துப்பாக்கி என்றால் பாலத்து முனையில் பஸ்ஸை நிறுத்தி ஏறுகிற பட்டாளத்துக்காரர்கள் தோளில் இருப்பது. அதன் விலை என்ன, ஏறுமா இறங்குமா என்று நாம் கேட்பதில்லை, மடியில் இருக்கிற பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீயும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். அதனால் அம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே பயம், அதனால் வேண்டாம் என்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அந்தப் பயம் எனக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை. அந்தக் கைதான்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் கோயில் திருவிழா மலரில் போடக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள், மகனுக்குத் துப்பாக்கி வாங்க யோசனை சொல்வதற்கு மலரில் என்ன இடம் என்று கேட்கலாம். நான் உனக்குச் செய்த ஒரு தப்பு நானூறு வீடுகளுக்கு அச்சாகிப் போயிருக்கிறது. அதைத் திருத்துவதும் அச்சில்தான் வர வேண்டும். அது என்ன என்று நேராகச் சொல்ல எனக்குத் துணிவு போதவில்லை, துப்பாக்கி வழியாகத்தான் அங்கே வர முடிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

எனக்கு இந்தக் குணம் புதிதாக வந்ததில்லை. உனக்கு ஐந்து வயதிருக்கும்போது போட்டாதாங் வட்டாரத்து வீட்டில் நமக்கு மேல்மாடியில் டோ கின் என்ற பர்மாக்கார அம்மாள் இருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். நீ படியேறிப் போய் அவர்கள் வீட்டு மீன்சாற்று மொஹிங்காவைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு கன்னத்திலும் இலை வடிவத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு வருவாய். நான் உன்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவுவேன். பிள்ளைக்குத் தோல் அரிக்கிறது என்று டோ கின்னிடம் சொன்னேன். உனக்கு அரிக்கவே இல்லை. உன் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்துச் சிரித்தார். "ஏ புள்ள, அவன் கன்னத்துல இருக்கிறதக் கழுவிட்ட. ஒன் மூஞ்சில இருக்கிறத யாரு கழுவறது?" என்றார். "எம் மூஞ்சில ஒண்ணும் இல்ல" என்றேன். "கண்ணாடி பாத்தியா?" என்று கேட்டுவிட்டு ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். டோ கின் அதற்கப்புறம் உனக்குத் தனக்கா பூசவில்லை. எனக்கு அன்றைக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

மார்த்தாவைப் பற்றி நீ முதலில் சொன்னபோது வீட்டுக்கார அம்மாள் என்றுதான் சொன்னாய். கல்லூரிக்கு அருகில் ஓர் அறை வாடகைக்கு, கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் தூரத்தில். நல்லது, வயதான பெண்மணி இருக்கிற வீடு, பிள்ளை பத்திரமாக இருப்பான் என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மார்த்தா எனக்குக் குளிர்கோட்டு எடுத்துக் கொடுத்தார், மார்த்தா கார் ஓட்டச் சொல்லித் தந்தார், காய்ச்சலில் மார்த்தா சூப் வைத்தார். கடைசியில் ஒருநாள் மார்த்தாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்றாய். எந்த ரசம்? நான் வைக்கிற ரசத்தையா? அதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லையே. அடுப்படி வாசலில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாய். அதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வைத்துப் பார் அம்மா என்று எனக்கு முதலில் கொடுத்திருக்கலாம். எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கிற பிள்ளையிடம் இப்படிக் கேட்பது அநியாயம் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே தவிர, பொய் சொன்ன உறுத்தல் போகவில்லை. கரண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து, உன் தங்கை மீனாவின் போனில் இணையத்தைத் திறந்து, சொன்ன பிறகு விசாரிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் ஆங்கிலம் படித்ததற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று நினைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கிகளைப் பற்றி எழுதுவதைப் படித்தால், கொலு பொம்மை பற்றி நம் பெண்கள் பேசுவது போலத்தான் இருக்கிறது. நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஊர்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் ஆண்டு விழா வந்தபோதெல்லாம் கம்பெனிகள் இப்படி நினைவுத் துப்பாக்கிகளைப் போட்டிருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். நாளைக்கு அரிதாகிவிடும் என்று நம்பி வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்ததால் எதுவுமே அரிதாகவில்லை. அதே கம்பெனி வேட்டைக்காரர்களுக்கென்று போட்ட பழைய சாதாரணத் துப்பாக்கி, காட்டில் அடிபட்டுக் குறைந்துபோனதால், இதைவிட அதிக விலைக்குப் போகிறதாம். நினைவுத் துப்பாக்கிக்கு நல்ல விலை வேண்டுமென்றால் பெட்டி இருக்க வேண்டும், அட்டை உறை இருக்க வேண்டும், சான்றுத்தாள் இருக்க வேண்டும், ஒருமுறைகூடச் சுட்டிருக்கக் கூடாது. சுடாவிட்டாலும், அந்தப் பிடியைச் சும்மா இழுத்துத் தள்ளிப் பார்த்தாலே உள்ளே கோடு விழுந்துவிடும், தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். சுட்டுவிட்டால் அது பளபளப்பான ஒரு சாதாரணத் துப்பாக்கி. வேட்டைக்கு எடுத்துப் போனால் பொன்முலாம் வெயிலில் மின்னி மானுக்குத் தகவல் சொல்லிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆகவே நான் வாய்க்கு வந்ததைச் சொன்னது உண்மையாகவே இருந்தது. விலை ஏறும் என்று நம்பி வாங்குவதற்கு அது ஏற்ற பொருள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. லத்தாப் பேட்டையில் நான் வேலை பார்க்கிற அச்சுக்கடையில் பதினெட்டு வருடமாகச் செய்வது இதைத்தானே. கல்யாணத்துக்கும் சாவுக்கும் விசிறி அடித்துக் கொடுக்கிறோம். நம் ஆட்களும் பர்மாக்காரர்களைப் பார்த்து இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். காரியத்துக்கு வருகிறவர் கையில் ஆளுக்கொரு விசிறி, அதில் இறந்தவர் படம், தேதி, கீழே மனைவி மக்கள் பெயர். வீட்டுக்குக் கொண்டுபோய் வெக்கைக்கு வீசுவார்கள், அடுப்பை விசிறுவார்கள், மேலே சோற்றுப்பானையை இறக்கி வைப்பார்கள். நானூறு அடித்தால் நானூறும் ஒன்றுதான். எந்த விசிறி விலைபோகும்? அதில் எவன் பெயர் இருக்கிறதோ அவனுக்கு மட்டும் அதை எறிய மனம் வராது. மற்றபடி அது அட்டையும் மூங்கில் குச்சியும்.

போன வாரம் காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திறந்தால் நீ இல்லை, மார்த்தா. உனக்குத் தெரியாமல் உன் போனை எடுக்கவில்லை என்றும், நீதான் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறாய் என்றும் முதலில் சொல்லிவிட்டார். பின்னால் உங்கள் சமையலறை தெரிந்தது. சன்னலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. அதையும் பார்த்துக்கொண்டேன்.

"துப்பாக்கியைப் பற்றி நீங்கள் விசாரித்தீர்களாம். நீங்கள் சொன்னதுதான் சரி. வியாபாரி வந்தான், பெட்டி எங்கே என்று கேட்டான், இல்லை என்றேன், பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். என் கணவர் வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்துச் சுடுவார். அழகுக்கு வைப்பதற்கா துப்பாக்கி என்பார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

"தெரியாமல்தான் சொன்னேன்" என்றேன். ஏனோ அந்த அம்மாளிடம் பொய் வரவில்லை. "அவன் உங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்."

அவர் கறிவேப்பிலைத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்குப் புரிகிறது. என் மகன் தன் மாமியார் வீட்டுக்குத்தான் கிறிஸ்துமஸுக்குப் போகிறான். அந்த அம்மாள் சுடுகிற கேக் என் கேக்கைவிட நன்றாக இருக்கும். நான் அவளுக்கு வருடா வருடம் ஒரு கல் மாதிரியான கேக்கை அனுப்புகிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சிரித்தால் அவரைப் பிடித்துவிடும்.

அப்புறம் சொன்னார்: "அவனுக்கு விலை முக்கியமில்லை. உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று விலையைச் சொன்னான். அதில் இருக்கிற எஞ்சின் அவன் அப்பாவின் ரயில்வே எஞ்சின் போல இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அவன் தங்கை ஒரு விசிறியின் படம் அனுப்பியிருந்தாளாம். அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, தங்கை பெயர் இருக்கிறது, தன் பெயர் இல்லை என்று இதோ இந்த மேசையில் உட்கார்ந்து அழுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. 'என்னுடைய பாதுகாப்புக்காகத்தான் மார்த்தாம்மா, அம்மா என் பெயரை விட்டிருப்பார்கள்' என்றுதான் சொன்னான்."

மார்த்தாம்மா. அந்த ஊர் நாக்கில் அந்தச் சொல்லை அவர் அவ்வளவு சரியாகச் சொன்னார். சொல்லிக்கொடுத்தவன் நீ. நான் போனை வைத்துவிட்டு, கடைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ என்னிடம் அழவில்லை. இரண்டு வருடமாக ஒருமுறைகூட விசிறியைப் பற்றிக் கேட்கவில்லை. அழுததும் அவரிடம், எனக்காகப் பரிந்து பேசியதும் அவரிடம்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது நீ வரக் கூடாது என்று சொன்னவள் நான்தான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வயதுப் பையன்கள் பெயரை வார்டு ஆபீஸில் எழுதிக்கொண்டிருந்த சமயம், வந்தால் நீ திரும்பிப் போக முடியாது. சித்தப்பா கொள்ளி வைத்தார். த்வாண்டே ஊர் மண்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் மூன்று சுற்று சுற்றியதை மீனா போனில் உனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போனைத் திருப்பி உன்னைப் பார்த்தேன். நீ அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாய். உன் பின்னால் மார்த்தா நின்று, உன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். அவர் கை உன் தோளில் இருந்தது. இங்கே என் புருஷன் போகிறார், என் கண் அந்தக் கையில் நிற்கிறது. அது என் கை இருக்க வேண்டிய இடம். உன்னை வராதே என்று சொன்னவளும் நான், வராமல் அங்கே ஒருத்தியின் மடியில் அழுகிறாயே என்று கொதித்தவளும் நான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு விசிறி நான்தான் அமைத்தேன். நம் கடையில், நம் கணினியில், என் கையால். மனைவி என்று என் பெயரைப் போட்டேன். மகன் என்று உன் பெயரைப் போட்டேன். மகள் என்று மீனா பெயர். பிறகு உன் வரியின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்து, ஒரு நிமிடம் இருந்து, அழித்துவிட்டேன். விசிறிக் கட்டு வீட்டுக்கு வந்ததும் மீனா ஒன்றை உருவிப் பார்த்தாள்.

"அண்ணன் பேரு எங்கம்மா?"

"வார்டு ஆபீஸ் ஆளுங்க காரியத்துக்கு வருவாங்கடி. அவங்க கையிலயும் ஒண்ணு குடுக்கணும்."

"அண்ணன் வெளியூர்ல இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதாக்கும்? அவங்க வச்சிருக்கிற வீட்டுப் பட்டியல்லதான் பேரு இருக்கே."

"சின்னப் புள்ள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர்களுக்கும் தெரியும். உன் பெயரை விசிறியில் போட்டால் புதிதாக ஒரு ஆபத்தும் வந்திருக்காது. பயத்தால் அழித்தேன் என்று இரண்டு வருடமாக மற்றவர்களிடமும் என்னிடமும் சொல்லிவந்தேன். பயத்தால் இல்லை சிவா. உனக்கு அங்கே ஒரு அம்மா இருக்கிறாள் அல்லவா, இங்கே என்ன வேலை என்று அழித்தேன். உன் பாதுகாப்புக்கு என்று நீ மார்த்தாவிடம் சொன்னாயே, அந்த நல்ல எண்ணத்துக்கு நான் உரியவள் இல்லை.

நம் சனங்களில் பெயர் விட்டுப்போவது சின்னக் காரியம் இல்லை. கல்யாணக் கார்டில் ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனதற்கு இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த வீடுகளுக்கு நானே கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறேன். மெய்ப்பு பார்க்கும்போது வாடிக்கையாளரிடம் "பேரெல்லாம் ஒரு தடவ வாய்விட்டுப் படிங்க" என்று சொல்கிறவள் நான். நான் தவறவிடவில்லை. பார்த்து, தெரிந்து எடுத்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். விலை ஏறும் என்று நினைத்து வாங்காதே, அது முடிந்த கதை. சுடுவதற்கு என்றால், பெட்டி தொலைந்து முலாம் தேய்ந்த துப்பாக்கியை மலிவாக வாங்கிச் சுடுவது புத்திசாலித்தனம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீ சுடப்போவதில்லை, உன்னை எனக்குத் தெரியும். மார்த்தாவின் கணவர் ஞாபகமாக, அந்த வீட்டில் நீ இருந்த வருடங்களின் ஞாபகமாக வேண்டும் என்றால் வாங்கிக்கொள். சட்டப்படி என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டுமோ எழுதிக் கொடு, பூட்டி வை, தோட்டா வாங்காதே. இதை மனதாரச் சொல்கிறேனா என்று கேட்டால், பாதி மனதாகச் சொல்கிறேன். மீதியும் வரும்.

ஆனால் அப்பா ஞாபகத்துக்கு என்று அதை வாங்காதே. அதில் இருப்பது வேறு யாரோ போட்ட தண்டவாளம், வேறு யாருடைய அப்பாக்களோ ஓட்டிய நீராவி எஞ்சின். உன் அப்பா எஞ்சின் ஓட்டியவரே இல்லை. சிக்னல் பார்த்தவர். மழைக்காலத்தில் கைகாட்டி மரத்தில் ஏறி கிரீஸ் அடித்துவிட்டு, அந்தக் கையோடு சோற்றுக்கு உட்காருவார், நான் திட்டுவேன். உனக்கு நினைவிருக்கும். "வண்டி ஓட்டுறவன் பேருக்கு ஓட்டுறான். நாங் கைய எறக்கலேன்னா நிக்க வேண்டியதுதான்" என்பார். நான் அடித்த விசிறியிலும் எஞ்சின்தான் போட்டிருந்தேன். ரயில்வே ஆள் என்றால் கணினியில் இருந்த படம் அதுதான். அவர் பார்த்திருந்தால், "ஏ புள்ள, இது யாரு காரியம்?" என்று கேட்டிருப்பார். ஆகவே அந்த நானூறிலும் தப்பு ஒன்று இல்லை, இரண்டு.

முந்தாநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போனபோது, பழைய கோப்பைத் திறந்தேன். எஞ்சினை எடுத்துவிட்டு, மீனா வரைந்து கொடுத்த கைகாட்டியை வைத்தேன், கை இறங்கின மாதிரி. மனைவி என் பெயர். அதற்குக் கீழே மகன், உன் முழுப் பெயர், பள்ளிக்கூடத்துக்கு வைத்த பர்மாப் பெயரும் சேர்த்து. அதற்குக் கீழே மீனா. வாய்விட்டு மூன்று முறை படித்தேன். ஒன்றுதான் அடித்தேன். குறைந்தது நூறாவது அடிக்க வேண்டும் என்பது கடை வழக்கம், ஒன்றுக்கு மெஷினை ஓட்டினால் முதலாளி முனகுவார். முனகட்டும். மூங்கில் குச்சியை நானே இழைத்து ஒட்டினேன். மீனாவின் சிநேகிதி அடுத்த மாதம் பாங்காக் போகிறாள், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவாள். அதற்குப் பெட்டியும் இல்லை, சான்றுத்தாளும் இல்லை. நீ வீச வீச ஓரம் நைந்து போகும். போகட்டும்.

துப்பாக்கியை வாங்கினால் அதை எங்கே மாட்டுவாய் என்று எனக்குத் தெரியாது. விசிறியை அதற்கு மேலே மாட்டு. மார்த்தா வந்து பார்ப்பார். கீழே இருக்கிற எழுத்தைக் காட்டி இது யார் பெயர் என்று கேட்பார், உன் பெயர் என்று சொல். கையில் எடுத்து வீசிப் பார்க்கலாமா என்று கேட்டால் கொடு.

ஒரு தடவை.

இப்படிக்கு,
உன் அம்மா